முகவர் இல்லாமல் ஒப்பந்தம் பேசலாமா? – வாசகர் கேள்வி பதில்

விளையாட்டு வீரர்களின் ஒப்பந்தங்களைப் பற்றித் தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தந்தை): ஐயா, வணக்கம். என் மகனுக்கு வயது 19. டர்பனைச் சேர்ந்த ஒரு கால்பந்து கிளப் அவனுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் தர முன்வந்துள்ளது. மாதச் சம்பளம் 25,000 ராண்ட். மூன்றாண்டு முடிந்ததும் மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு முகவர் வீடு தேடி வந்து, பத்து விழுக்காடு கொடுத்தால் எல்லாவற்றையும் தாமே பேசி முடிப்பதாகச் சொல்கிறார். என் மகனோ, அமெரிக்காவில் லமார் ஜாக்சன் என்பவர் முகவரே இல்லாமல் தாயின் துணையோடு பெரிய ஒப்பந்தத்தை வாங்கினார், நாமும் அப்படியே செய்யலாம் என்கிறான். என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் மகன் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உண்மையில் பாதிதான் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

ரக்பியை ஒத்த ஆட்டமான அமெரிக்கக் கால்பந்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு ஆடுபவர் லமார் ஜாக்சன். 2018இல், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் வந்தபோதே அவர் முகவர் வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கால்பந்து லீகில் புதிதாக வரும் வீரரின் ஊதியம் 2011ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து ஏறத்தாழ ஒரு அட்டவணைப்படியே அமைகிறது. எத்தனையாவது ஆளாகத் தேர்வானார் என்பதை வைத்தே தொகை தெரிந்துவிடும். பேசி வாங்க அதிகம் இல்லாத இடத்தில் பேசுவதற்கு ஆள் வைத்துச் சம்பளத்தில் பங்கு கொடுப்பானேன் என்று அவரும் அவருடைய தாயும் எண்ணியது நியாயமான கணக்கு. சிக்கல் அடுத்த ஒப்பந்தத்தில் வந்தது. 2022 பருவத்தில் நீட்டிப்பு கையெழுத்தாகாமலே அவர் ஆடினார். அந்த டிசம்பரில் முழங்காலில் காயமும் பட்டது. 2023 மார்ச்சில் அணி அவரை 32.4 மில்லியன் டாலருக்கு ஓராண்டு பிடித்துவைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. வேறு அணிக்கு மாற்றிவிடும்படி தாம் கேட்டிருப்பதை அவர் வெளிப்படையாகவே அறிவித்தார். மற்ற அணிகள் அவருக்கு ஒப்பந்தம் தர முன்வரலாம் என்று விதி இருந்தும் ஓர் அணிகூட முன்வரவில்லை. ஏப்ரல் இறுதியில்தான் ஐந்தாண்டுக்கு 260 மில்லியன் டாலர், அதில் 185 மில்லியன் உறுதித் தொகை என்று முடிவானது. அந்த லீகில் முகவர் அதிகபட்சம் மூன்று விழுக்காடு வாங்கலாம். அந்தக் கணக்கில் 7.8 மில்லியன் டாலர் வரை அவருக்கு மிச்சம். அதற்கு விலையாக அவர் கொடுத்தது, காயத்தோடும் சந்தேகங்களோடும் கடந்த ஏறக்குறைய ஒரு வருடம்.

இதில் உங்கள் மகன் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. ஜாக்சன் கையெழுத்திடுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பிலடெல்பியா அணியின் ஜேலன் ஹர்ட்ஸ் ஐந்தாண்டுக்கு 255 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தமானார். அந்தத் தொகை அமெரிக்கா முழுவதும் தெரியும். யார் எவ்வளவு வாங்குகிறார், அதில் எவ்வளவு உறுதித் தொகை என்பதெல்லாம் அங்கே வீரர் சங்கத்தின் கையில் இருக்கிறது. ஆகவே சந்தை விலை தெரிந்துதான் ஜாக்சன் மேசையில் உட்கார்ந்தார். நம் நாட்டுக் கால்பந்தில் அந்த வெளிச்சம் கிடையாது. அதே கிளப்பில் அதே இடத்தில் ஆடும் இன்னொரு பையன் 18,000 வாங்குகிறானா 40,000 வாங்குகிறானா என்று உங்களுக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாருடைய சம்பளமும் தெரியும். நல்ல முகவர் ஒருவர் உண்மையாகவே விற்கும் பொருள் இந்தத் தகவல்தான். பேச்சுத் திறமை அதற்கு அடுத்தபடி.

ஆகவே முகவர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தத் தகவலை நீங்களே திரட்டியாக வேண்டும். உங்கள் மகன் சேரப்போகும் லீகில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆடியவர்களிடம், குறிப்பாக ஆட்டத்தை விட்டவர்களிடம், நேரில் சென்று கேளுங்கள். ஓய்வு பெற்றவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். தென்னாப்பிரிக்கக் கால்பந்து வீரர் சங்கத்தை அணுகுங்கள். கையெழுத்திடும் முன்பே கேட்பதற்குத்தான் சங்கம் இருக்கிறது. தகராறு முற்றிய பிறகுதான் அதன் நினைவு வரவேண்டும் என்பதில்லை.

அடுத்து, பத்து விழுக்காடு. உங்கள் மகனின் மூன்றாண்டுச் சம்பளம் 9 லட்சம் ராண்ட்; அதில் பத்து விழுக்காடு 90,000 ராண்ட். இது அதிகம் என்று நான் தயங்காமல் சொல்வேன். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முகவர் விதிகளில், ஆண்டு வருமானம் 2 லட்சம் அமெரிக்க டாலருக்கு உட்பட்ட வீரரிடம் முகவர் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு மூன்று விழுக்காடு என்றும் வரம்பு வைத்தது. ஐரோப்பாவில் தொடரப்பட்ட வழக்குகளால் அந்த ஆண்டின் கடைசியில் அந்த வரம்பு நிறுத்திவைக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் எது நியாயம் என்று ஃபிஃபாவே கருதியது என்பது உங்கள் கையில் உள்ள அளவுகோல். வந்தவரிடம் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள்: ஃபிஃபா உரிமம் வைத்திருக்கிறீர்களா, இந்த ஒப்பந்தத்துக்காகக் கிளப்பிடமிருந்தும் பணம் வாங்குகிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு அவர் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால், தேநீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்துவிடுங்கள்.

இப்போது ஒப்பந்தத் தாளுக்கு வருவோம். வீரர்களும் குடும்பங்களும் ஏமாறுவது பெரும்பாலும் சம்பளம் எழுதிய பக்கத்தில் அல்ல. அந்த எண்ணை எல்லாரும் பலமுறை பார்க்கிறார்கள். பின்பக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் எழுதிய நீட்டிப்பு உரிமையையே எடுத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட ஷரத்து வழக்கமாக இவ்வாறு இருக்கும்: “ஒப்பந்தக் காலம் முடியும்போது, கிளப் தன் விருப்பப்படி இதை அதே நிபந்தனைகளில் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம்.” ஒரே வாக்கியம்தான். அதன் பொருளைப் பாருங்கள். பையன் மூன்றாண்டில் நன்றாக வளர்ந்து, வேறு கிளப்புகள் தேடி வரும் நிலைக்கு உயர்ந்தால், 22 வயதிலும் அவன் 19 வயதுச் சம்பளத்துக்கே ஆட வேண்டும். வளரவில்லை என்றால் கிளப் அந்த உரிமையைப் பயன்படுத்தாது, பையன் வெளியே. இரண்டு பக்கமும் லாபம் ஒருவருக்கே. இதை எடுத்துவிடச் சொன்னால் கிளப் மறுக்கலாம். ஆனால் மாற்றி எழுதச் சொல்லலாம். “பருவம் முடியும் ஆண்டின் மார்ச் 31ஆம் தேதிக்குள் கிளப் எழுத்து மூலம் அறிவித்தால் மட்டுமே நீட்டிப்பு செல்லும், நீட்டித்த ஆண்டில் மாதச் சம்பளம் இன்ன தொகை” என்று எழுதி வாங்குங்கள். தேதியும் தொகையும் தாளில் ஏறிவிட்டால் அந்த ஷரத்தின் விஷம் பெருமளவு இறங்கிவிடும். இதைக் கேட்க முகவர் வேண்டியதில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லுபடியாகும் என்று எழுதியிருந்தால், ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளின் 18ஆம் பிரிவு அதை ஏற்பதில்லை என்று சொல்லுங்கள். பரிசோதனையைக் கிளப் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். காயம்பட்டு ஆட முடியாத மாதங்களில் முழுச் சம்பளமா, எத்தனை மாதம் வரை, அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது என்பவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அவனுடைய படத்தையும் பெயரையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை முழுவதும் கிளப்புக்கு என்றிருந்தால், காலணி போன்ற சொந்த உபகரணங்களுக்கான விளம்பரத்தை மட்டுமாவது விலக்கி வாங்குங்கள்.

ஒருமுறை கையெழுத்திட்டால் அது கட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்களுக்கு மேனிங் ரேஞ்சர்ஸ் அணியை நினைவூட்ட வேண்டியதில்லை. 1996-97இல், நாட்டின் உயர்நிலைக் கால்பந்து லீகான ப்ரீமியர் சாக்கர் லீகின் முதல் பட்டத்தையே நம்மவர் வளர்த்த அந்த அணி வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் கார்டன் இகேசுண்ட். அவரே பின்னாளில் கேப் டவுன் சாண்டோஸ் கிளப்போடு செய்துகொண்ட ஒப்பந்தம் முடியும் முன்பு, கூடுதல் ஊதியம் தருவதாகச் சொன்ன வேறொரு கிளப்புக்குப் போக முற்பட்டார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது, ஒப்பந்தத்தை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று கேப் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு உத்தரவிட்டது. பட்டம் வென்ற பயிற்சியாளருக்கே அந்த நிலை என்றால் 19 வயதுப் பையனுக்கு விலக்கு கிடைக்கும் என்று எண்ணாதீர்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பேச்சுவார்த்தையை நீங்களும் மகனும் நடத்துங்கள். தாளை மட்டும் நீங்கள் தனியாகப் படிக்காதீர்கள். தொழிலாளர் சட்டம் தெரிந்த, முடிந்தால் விளையாட்டு ஒப்பந்தங்களைப் பார்த்துப் பழகிய ஒரு வழக்கறிஞரிடம் மணிக்கணக்கில் கட்டணம் பேசி, வரைவைப் படித்து எழுத்தில் கருத்துச் சொல்லும்படி கேளுங்கள். கூடைப்பந்து வீரர்களான கிராண்ட் ஹில், டிம் டங்கன் போன்றவர்களே விழுக்காட்டு முகவருக்குப் பதிலாக மணிக்கட்டணம் வாங்கும் வழக்கறிஞரை வைத்துக்கொண்டவர்கள். இன்னொன்று: நீங்கள் தந்தையாகப் பக்கத்தில் உட்காருவதில் தவறில்லை, அதற்குக் கூலியாக மகனின் சம்பளத்தில் பங்கு எடுத்துக்கொண்டு முகவராக நடக்க முடியாது. உறவினர் என்றால் உரிமம் வேண்டாம் என்றிருந்த பழைய விலக்கு 2023 விதிகளில் இல்லை.

கேள்வி (டோங்காட்டிலிருந்து ஒரு வாசகர்): மணிக்கட்டணம் என்றால் அதுவும் ஏறிக்கொண்டே போகாதா? விழுக்காடு கொடுப்பதே மேல் என்று தோன்றுகிறது.

பதில்: தொகையைப் பொறுத்தது. மேலே சொன்ன 9 லட்சம் ராண்ட் ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் மணிக்கு 2,500 ராண்ட் வாங்குகிறார், பத்து மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்; 25,000 ராண்ட். ஐந்து விழுக்காடு முகவருக்கு 45,000. இதே வேலை 90 லட்சம் ராண்ட் ஒப்பந்தத்துக்கும் ஏறத்தாழ அதே மணிக்கணக்கில் முடிந்துவிடும். ஆனால் ஐந்து விழுக்காடு நாலரை லட்சமாகிவிடும். மாறாக, மாதம் 6,000 ராண்ட் வாங்கும் பையனுக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் வழக்கறிஞர் கட்டணமே நான்கு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். முகவர் இல்லாமல் பேசுவதால் கிடைக்கும் லாபம் மேலே போகப் போகப் பெருகுகிறது. கீழே இருப்பவர்களுக்கு அது அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. லமார் ஜாக்சன் கதையைக் கேட்டு நம் பிள்ளைகள் உற்சாகமடையும்போது எனக்குக் கவலை தருவது இதுதான். கீழ்நிலையில் இருப்பவர்கள் வீரர் சங்கத்தையும் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையங்களையும் முதலில் நாட வேண்டும். எந்த வழக்கறிஞரிடமும் தொடக்கத்திலேயே மொத்தச் செலவுக்கு ஒரு மேல்வரம்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தாய்): என் மகனுக்கு 16 வயது, சுழற்பந்து வீசுகிறான். ஒருவர் இப்போதே அவனுக்கு முகவராக இருப்பதாகச் சொல்லி, நான்காண்டு உடன்படிக்கையில் கையெழுத்துக் கேட்கிறார். இதைத் தவறவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்கிறார்.

பதில்: அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள்.

காரணத்தையும் சொல்கிறேன். நம் நாட்டில் 18 வயது நிறைந்தால்தான் ஒருவர் முழுவயதினர்; அதற்கு முன் பிள்ளை மட்டும் போடும் கையெழுத்து அவனைக் கட்டாது, பாதுகாவலரின் துணை வேண்டும். அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். நான்காண்டு என்றால் அவன் 20 வயதைத் தொடும் வரை, அவன் வாழ்வின் முதல் தொழில்முறை ஒப்பந்தம் எந்த வழியாக வந்தாலும் அதில் இவருக்குப் பங்கு. வாய்ப்பு போய்விடும் என்று அவசரப்படுத்துபவரை நம்பாதீர்கள். 16 வயதில் நன்றாக வீசும் பையனை மாகாண அணித் தேர்வாளர்கள் மைதானத்தில் பார்க்கிறார்கள். முகவரின் கைபேசியில் அல்ல.

கிரிக்கெட்டில் இன்னொன்றும் உண்டு. தொழில்முறை வீரரின் வருமானத்தில் பெரும்பகுதியைத் தனித்தனியாகப் பேசி முடிவு செய்வதில்லை. 2002இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் சங்கமும் கிரிக்கெட் வாரியமும் கூட்டாக உடன்பட்ட அடிப்படைகளில்தான் உள்நாட்டு ஒப்பந்தங்கள் அமைகின்றன. எஸ்.ஏ.20 என்னும் இருபது ஓவர் லீக் போட்டியிலோ ஏலம். 2022 செப்டம்பரில் கேப் டவுனில் நடந்த முதல் ஏலத்தில் டிரிஸ்டன் ஸ்டப்ஸை ஈஸ்டர்ன் கேப் அணி 92 லட்சம் ராண்டுக்கு எடுத்தது. அந்த விலையை யார் பேசினார்? இரண்டு அணி முதலாளிகள் போட்டி போட்டு ஏற்றினார்கள். ஏலத்தில் விழும் தொகைக்கு முகவருக்கு விழுக்காடு எதற்கு என்று கேட்கும் உரிமை வீரருக்கு உண்டு. பின்னாளில் முகவர் வைக்கும் நிலை வந்தால், ஏலத் தொகைக்கும் சங்கம் பேசி வைத்த தொகைக்கும் பங்கு இல்லை அல்லது மிகக் குறைவு என்று உடன்படிக்கையில் எழுதி வாங்குங்கள். விளம்பரம், மட்டை உபகரண ஒப்பந்தம், இங்கிலாந்துக் கவுண்டி வாய்ப்பு ஆகியவற்றைத் தேடிக் கொண்டுவந்தால் அவர் உழைத்ததற்குக் கொடுக்கலாம்.

டர்பனில் பிறந்த நம் செனுரன் முத்துசாமி 2025 நவம்பரில் குவாஹாட்டியில் இந்தியாவுக்கு எதிராக 109 ரன் எடுத்தபோது அவருக்கு வயது 31. டெஸ்ட் அறிமுகம் 2019இல். இடையில் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது பந்துவீச நிறைய ஓவர்களும், மெட்ரிக் தேர்வுக்குப் படிக்க நேரமும்தான்.

கேள்வி (லெனேசியாவிலிருந்து ஒரு வீரர், வயது 27): அண்ணா, நான் ஐந்து ஆண்டுகளாக ஒரே கிளப்பில் ஆடுகிறேன். அடுத்த ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. நானே பேசலாம் என்றிருக்கிறேன். ஆனால் நிர்வாகியோடு பணத்தைப் பற்றி வாதாடினால் உறவு கெட்டுவிடுமோ என்று தயக்கம். அடுத்த பருவத்திலும் நீ என் திட்டத்தில் இருக்கிறாய் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.

பதில்: தம்பி, நீங்கள் இருக்கும் நிலைதான் தனியாகப் பேசுவதற்கு மிகப் பொருத்தமானது. உங்களை அவர்களுக்குத் தெரியும், அவர்களை உங்களுக்குத் தெரியும். அறிமுகம் செய்துவைக்க யாரும் வேண்டியதில்லை. அப்போது மான்செஸ்டர் சிட்டியில் ஆடிய கெவின் டி புருய்னே 2021 ஏப்ரலில் முகவர் இல்லாமல் ஒப்பந்தத்தை 2025 வரை நீட்டித்தார். புள்ளிவிவர நிபுணர்களைக் கொண்டு, அணியின் வெற்றிக்குத் தம் பங்கு என்ன, இனி வரும் ஆண்டுகளில் அது எப்படி இருக்கும் என்று ஆய்வு செய்து அதை மேசைக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு பேயர்ன் மியூனிக்கின் யோசுவா கிம்மிஷும் தாமே பேசிக் கையெழுத்திட்டார். இருவரும் ஏற்கெனவே இருந்த கிளப்போடுதான் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். புதிய நாட்டுக்கு, மொழி தெரியாத கிளப்புக்குப் போவது வேறு. அங்கே நம்பகமான முகவர் ஒருவர் வாங்கும் பணத்துக்கு வேலை இருக்கிறது.

உறவு கெடும் என்ற உங்கள் அச்சம் வீண் அச்சம் அல்ல. முகவர் இருந்தால், “அவருடைய இடது கால் பலவீனம், முப்பதை நெருங்குகிறார்” என்று நிர்வாகி சொல்வதை அவர் கேட்டுக்கொள்வார். நீங்கள் மறுநாள் பயிற்சிக்குச் சிரித்த முகத்தோடு போகலாம். தனியாகப் பேசினால் அந்தச் சொற்கள் நேரே உங்கள் காதில் விழும். அதைத் தாங்கும் மனம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அது குறையில்லை, பேசும் பொறுப்பை மட்டும் வழக்கறிஞரிடம் கொடுத்துவிடலாம். பேசத் துணிந்தால், முதல் சந்திப்பில் எண் சொல்லாதீர்கள். நீங்கள் ஆடிய நிமிடங்கள், காயத்தால் இழந்த ஆட்டங்கள், உங்கள் இடத்தில் வேறொருவரை வாங்கினால் ஆகும் செலவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எந்தச் சந்திப்பிலும் அங்கேயே சம்மதிக்க வேண்டாம். “வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்பது யாரையும் புண்படுத்தாத வார்த்தை. சந்திப்பு முடிந்த அன்று மாலையே, பேசியதைச் சுருக்கி நன்றியோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

பயிற்சியாளர் சொன்ன சொல்லைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். குறித்த கால ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்று நியாயமாக எதிர்பார்க்க இடம் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டால், அது பணிநீக்கமாகவே கொள்ளப்படும் என்று 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குத் தேசிய ரக்பி வீரர்கள் மூவரின் வழக்கே சான்று. தங்கள் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருந்தது என்று அவர்கள் தங்கள் சங்கத்தின் துணையோடு வாதாடினார்கள். 2008இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பயிற்சியாளர்கள் மாறுவார்கள், புதிதாக வருபவருக்குப் பழையவரின் வாக்கு தெரியாது.

உங்கள் கையில் ஒரு நல்ல துருப்பு இருக்கிறது. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் முடிய ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் வீரர் வேறு கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஜூனில் முடிகிறது என்றால் ஜனவரி முதல் உங்களுக்கு அந்தச் சுதந்திரம். 1995 டிசம்பர் 15ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் டிரான்ஸ்ஃபர் தொகை (புதிய கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் பணம்) இல்லாமல் வேறு கிளப்புக்குப் போகும் கதவை அங்கே திறந்தது. இங்கே ஃபேபியன் மெக்கார்த்தி சன்டவுன்ஸ் கிளப்புக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரருக்காகவும் டிரான்ஸ்ஃபர் தொகை கேட்கும் முறை செல்லாது என்று தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே பேச்சை அக்டோபர், நவம்பரில் தொடங்குங்கள். ஜனவரி நெருங்க நெருங்க அவர்கள்தான் அவசரப்பட வேண்டும்.

போனஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2018இல் ரிச்சர்ட் ஷெர்மன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், குதிகால் தசைநார் கிழிந்து தேறிவந்த நேரத்தில், சான் பிரான்சிஸ்கோ அணியோடு தாமே பேசி மூன்றாண்டுக்கு 39 மில்லியன் டாலர் வரை பெறக்கூடிய ஒப்பந்தம் செய்தார். “வரை” என்பதுதான் முக்கியம்; பெரும்பகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டது. முகவர்கள் பலர் ஏளனம் செய்தார்கள். அவர் நன்றாக ஆடி, 2019இல் அந்த நிபந்தனைகளில் முக்கியமானவற்றை நிறைவேற்றிப் பணத்தைப் பெற்றார். தம் உடலைப் பற்றி அவருக்கு இருந்த நிச்சயம் அது. உங்களுக்கு வரும் போனஸ் ஷரத்தில், நிபந்தனையை நிறைவேற்றுவது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். “20 ஆட்டங்களில் தொடக்க அணியில் இடம்பெற்றால்” என்று எழுதியிருந்தால், 19ஆவது ஆட்டத்துக்குப் பிறகு உங்களை உட்காரவைப்பது பயிற்சியாளர் கையில் இருக்கிறது. “அணிப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இன்ன தொகை” என்று மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வீரர்): முகவர் ஒருவரோடு கையெழுத்திட்டு எட்டு மாதமாகிறது. அவர் ஒன்றும் செய்யவில்லை. விலகலாமா?

பதில்: உடன்படிக்கையின் நகலை எடுத்து, காலம் எவ்வளவு, தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து உண்டா என்று பாருங்கள். கால்பந்து என்றால் ஃபிஃபா விதிப்படி இரண்டாண்டுக்கு மேல் போகக் கூடாது. தானாகப் புதுப்பிப்பதும் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, குறித்த கால உடன்படிக்கையை 20 வேலை நாள் முன்னறிவிப்போடு நுகர்வோர் முடித்துக்கொள்ள இடம் தருகிறது. முகவர் சேவைக்கும் அது பொருந்தும் என்று வாதிட இடமுண்டு. விலகல் கடிதத்தை வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். அதற்கு முன் வேறொருவரோடு கையெழுத்திட்டால் இருவரும் பங்கு கேட்பார்கள்.

கேள்வி (மெரேபேங்கிலிருந்து ஒரு வீரர்): முகவர் இல்லாமல் நானே பேசிச் சேர்ந்த கிளப் இரண்டு மாதமாகச் சம்பளம் தரவில்லை. நாளை முதல் பயிற்சிக்குப் போகாமல் நின்றுவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: தம்பி, நின்றுவிடாதீர்கள். நீங்கள் போகாமல் இருந்த நாளே, ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் என்று அவர்கள் சொல்ல வழி செய்துவிடும். இரண்டு மாதச் சம்பளம் முறையின்றி நிலுவையில் இருந்தால், எழுத்து மூலம் அறிவித்து, முழுவதையும் செலுத்தக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்த பின் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முடித்துக்கொள்ள ஃபிஃபா விதிகள் இடம் தருகின்றன. ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்த மாதங்கள், எவ்வளவு தொகை, எந்த வங்கிக் கணக்கு, எந்தத் தேதிக்குள். மின்னஞ்சலில் அனுப்புவதோடு கையிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் கூட இருந்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். அந்த 15 நாளும் தவறாமல் பயிற்சிக்குப் போய் வாருங்கள். வங்கிக் கணக்கறிக்கை, ஊதியச் சீட்டுகள், ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட நகல் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். நகல் உங்களிடம் இல்லையென்றால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

பணம் வரவில்லையென்றால் எங்கே போவது என்பது உங்கள் கிளப் எந்த லீகில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ப்ரீமியர் சாக்கர் லீகின் கிளப்பாக இருந்தால் லீகின் தகராறு தீர்வு மன்றம் இருக்கிறது. வேறு நிலையிலுள்ள கிளப்பானால் அந்த லீகின் விதிகளை வீரர் சங்கத்திடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். இதற்கிடையில் அவர்கள் உங்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டால், சி.சி.எம்.ஏ. என்னும் சமரச நடுவர் ஆணையத்தில் முறையிடுவதற்கு 30 நாள்தான் அவகாசம். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்துவையுங்கள்.